மலிவுச் சோப்பு மட்டச் சோப்பா?

தோட்டத்துக் கடைகளில் சவரச் சாமான்கள் இரண்டு விதமாக அடுக்கியிருப்பதைத் தோழர்கள் பார்த்திருப்பார்கள். கண்ணுக்கு நேரே, விளக்கு வெளிச்சத்தில் நிற்பது டப்பாவில் அடைத்த நுரை. தலையில் அழுத்தினால் போதும், கை நிறையப் பொங்கும். கீழ்த் தட்டில், கொசுவத்திச் சுருளுக்கும் மெழுகுவத்திக்கும் நடுவே கிடப்பது குச்சிச் சோப்பும் வட்டச் சோப்பும். டப்பா கேட்கிறவருக்குக் கடையில் ஒரு மரியாதை. கட்டி கேட்கிறவருக்கு வேறொரு மரியாதை. கீழ்த் தட்டுக்குப் போய்விட்ட அந்தச் சோப்பைப் பற்றி நாலு வார்த்தை எழுத எண்ணுகிறோம்.

சம்பளம், போனஸ், வீட்டுடைமை என்று தலைக்கு மேல் வேலை இருக்க, சங்கப் பத்திரிகைக்குச் சவரச் சோப்பு ஒரு கேடா என்று சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும். சம்பளத்தைக் கேட்டு வாங்குவது சங்கத்தின் வேலை என்றால், வாங்கிய சம்பளம் எந்த ஓட்டை வழியாக ஒழுகுகிறது என்று காட்டுவதும் சங்கத்தின் வேலைதான். மரத்தில் ஒரு சொட்டுப் பால் தரையில் விழாமல் மங்கு வைக்கத் தெரிந்த நமக்கு, கையிலுள்ள காசுக்கு ஒரு மங்கு வைக்கத் தெரியவேண்டாமா? (தாடி வளர்க்கும் தோழர்கள் தாராளமாக அடுத்த பக்கத்துக்குப் போகலாம். அவர்கள் நம்மைவிடச் சிக்கனக்காரர்கள்.)

முதலில், இந்தக் கட்டிச் சோப்பு ஏழையின் சோப்பு என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். இளைஞர்கள் வாயில் இது அடிக்கடி வருகிறது. "அதெல்லாம் தாத்தா காலத்துச் சோப்பு" என்கிறார்கள். தாத்தா காலத்தில் துரைமார் எதைப் போட்டார்கள் என்று இவர்கள் கேட்டதுண்டா? பங்களாவில் மரக்கிண்ணத்தில் வைத்து, நல்ல பிரஷால் குழைத்துத் துரை பூசிக்கொண்டதும் இதே கட்டிச் சோப்புத்தான். டப்பா நுரை அமெரிக்காவில் கடைக்கு வந்ததே 1949ஆம் ஆண்டுவாக்கில்தான். அதற்கு முன்னால் அரசனும் ஆண்டியும் முகத்தில் குழைத்தது ஒரே சரக்கு. கிண்ணத்தில் வேற்றுமை இருந்திருக்கலாம்; உள்ளே இருந்த சோப்பில் அவ்வளவு வேற்றுமை இருந்ததில்லை.

அந்தச் சரக்கு என்ன? கொழுப்பையோ எண்ணெயையோ காரத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் சோப்பு. குளிக்கிற சோப்புக்குப் பெரும்பாலும் காஸ்டிக் சோடா மட்டும் போதும். அதனால்தான் அது கெட்டியாக இருக்கிறது. சவரச் சோப்புக்குச் சோடாவோடு காஸ்டிக் பொட்டாஷும் சேர்க்கவேண்டும். பொட்டாஷ் சேர்ந்த சோப்பு தண்ணீரில் எளிதில் கரையும். நுரை வழுவழுப்பாக வரும். கொழுப்பிலும் ஒரு தேர்வு உண்டு. ஸ்டியரிக் அமிலம் என்ற, மெழுகு போல் வெள்ளையாக இருக்கும் பொருளைப் பெரும்பங்காகச் சேர்ப்பார்கள். நுரை தயிர் போலத் தடித்து, முகத்திலேயே நிற்பதற்கு அதுவே காரணம். தேங்காயெண்ணெய் கொஞ்சம் சேர்த்தால் நுரை சீக்கிரம் எழும்பும். அது அளவுக்கு மிஞ்சினால் எழும்பிய வேகத்திலேயே அடங்கிவிடும், தோலையும் வறட்டும். கிளிசரின் இருந்தால் ஈரம் காயாமல் பிடித்துவைக்கும். இவ்வளவுதான் விஷயம். இதில் விலையுயர்ந்த மருந்து எதுவும் இல்லை. இரகசியமும் இல்லை.

குளிக்கிற சோப்பையே முகத்தில் தேய்த்துச் சவரம் செய்கிற வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அதற்கு நாம் ஆதரவில்லை. அது மலிவு அல்ல, கஞ்சத்தனம். நுரை மெல்லியதாக வந்து, கத்தி பாதிக் கன்னத்துக்கு வருமுன் காய்ந்துபோகும். பிறகு பிளேடு தோலைத்தான் சீவும். மொட்டை உளியால் மரம் வெட்டினால் பட்டை என்ன பாடுபடும் என்று நம் தோழர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

இப்போது டப்பாவுக்கு வருவோம். கிராணி அன்பர்கள் ஒரு நாள் அதன் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டுகிறோம். முதலில் இருப்பது தண்ணீர். அடுத்து, பெரும்பாலும் அதே ஸ்டியரிக் அமிலம். அதைச் சோப்பாக்குவதற்கு டிரைஎத்தனாலமைன் என்ற காரப் பொருள். பிறகு அதையெல்லாம் வெளியே தள்ளுவதற்கு பியூட்டேன், புரோப்பேன் வகை வாயு. அடுப்பெரிக்கும் சிலிண்டரில் இருக்கிறதே, அதே இனம். கடைசியில் வாசனை. ஆக, கட்டியில் இருக்கிற அதே சரக்கைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, வாயு ஏற்றி, தகரத்தில் அடைத்து, நமக்கு விற்கிறார்கள். தண்ணீர் நம் குழாயில் வராதா? குழைக்கும் வேலையைத்தான் அவர்கள் நமக்குப் பதிலாகச் செய்கிறார்கள். ஒரு நிமிட வேலை அது. அந்த ஒரு நிமிடத்துக்கு அவர்கள் வாங்கும் கூலி, நம் நிரையில் ஒரு நிமிடத்துக்கு நமக்குக் கிடைக்கிற கூலியைவிட மிக அதிகம் என்று மட்டும் சொல்லிவைக்கிறோம்.

இன்னொன்று. டப்பா நுரை வாயுவால் ஊதியது. பார்வைக்கு மலை போல் இருக்கும், உள்ளே காற்று. சவரத்துக்கு வேண்டியது காற்றல்ல, தண்ணீர். மயிர் தண்ணீரைக் குடித்து ஊறினால்தான் மிருதுவாகும். அதற்கு இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும். அந்த ஈரத்தை மயிரோடு ஒட்டிவைத்து, பிளேடு வழுக்கிச் செல்ல வழி செய்வது ஒன்றே நுரையின் வேலை. பழைய காலத்து நாவிதத் தோழர்கள் பலர் சோப்பே இல்லாமல் கிண்ணித் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தடவி, விரலால் நன்றாகப் பிசைந்து ஊறவைத்துச் சிரைத்தார்கள். இன்றைக்கும் தைப்பூசத்தன்று பத்துமலையில் முடியிறக்குவோர் தலையில் பெரும்பாலும் தண்ணீர்தான் தெளிக்கிறார்கள். தண்ணீரின் அருமை தெரிந்த கைகள் அவை. பிரஷால் வட்டமாகக் குழைக்கும்போது இதே வேலைதான் நடக்கிறது. மயிர் நிமிர்கிறது, ஈரம் அடியில் இறங்குகிறது, அழுக்கும் எண்ணெயும் விலகுகின்றன. டப்பா நுரையைக் கையால் அப்பிக்கொள்ளும்போது இது நடப்பதில்லை.

சரி, மலிவுச் சோப்பெல்லாம் உயர்ந்தது என்று நாம் சாதிக்கிறோமா? இல்லை. அதிலும் தராதரம் உண்டு. உலகத்தில் பேர்பெற்ற மலிவுச் சோப்புகளைப் பற்றிச் சவரப் பிரியர்கள் ஓயாமல் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். துருக்கி நாட்டிலிருந்து வரும் ஆர்கோ என்ற குச்சிச் சோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நுரையைக் குறைசொல்பவர் அபூர்வம். தடிப்பும் வழுக்கலும் ஐந்து மடங்கு விலையுள்ள சோப்புக்குச் சமானம் என்பார்கள். ஆனால் அதன் வாசனையைச் சகிக்க முடியாமல் உறையைப் பிரித்துச் சில வாரம் காற்றாட வைக்கிறவர்களும் உண்டு. சலவைத் துறை வாசனை என்பது அவர்கள் கட்சி. எங்கள் அபிப்பிராயத்தில் வாசனை ஒரு பெருங்குற்றமல்ல. முகம் கழுவினால் போய்விடும். சவரக் கீறல் கழுவினால் போகாது.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வில்லியம்ஸ் என்ற வட்டச் சோப்பின் கதை வேறு. மிகவும் மலிவாக விற்ற சாமான். "நுரை வந்த மாயமாய் மறைகிறது" என்று ஒரு கூட்டம் வையும். "இதற்கு நிகர் இல்லை" என்று இன்னொரு கூட்டம் சத்தியம் செய்யும். ஒரே கட்டிக்கு எப்படி இரண்டு தீர்ப்பு? விசாரித்தால், புகழ்கிறவர்கள் கட்டியின்மேல் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிச் சில நிமிடம் ஊறவைத்துவிட்டுப் பிறகே பிரஷைத் தொடுகிறார்கள். வைகிறவர்கள் காய்ந்த கட்டியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு அதிசயத்தை எதிர்பார்க்கிறார்கள்.

நாம் பார்த்தவரையில், மலிவுச் சோப்பு மோசம் என்ற புகாரில் பாதிக்கு மேல் சோப்பின் குற்றமல்ல, அவசரத்தின் குற்றம். பெரட்டுக்கு மணி அடிக்குமுன் விளக்கடியில் அரைத் தூக்கத்தில் சவரம் செய்தால் எந்தச் சோப்பும் நல்ல பேர் எடுக்காது. வேலை முடிந்து, பால் நிறுத்துக் கொடுத்து, குளித்த பிறகு செய்யுங்கள். முகம் ஏற்கெனவே ஊறியிருக்கும். பிரஷை நனைத்து லேசாக உதறி, சோப்பின்மேல் இருபது முப்பது எண்ணும்வரை சுற்றுங்கள். குச்சிச் சோப்பானால் ஈர முகத்தில் மயிருக்கு எதிராகத் தேய்த்துவிட்டுப் பிரஷால் குழையுங்கள். நுரை வறண்டு தெரிந்தால் பிரஷ் முனையைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுச் சேர்க்கவேண்டும், ஒரேயடியாகக் கொட்டக்கூடாது. நுரை மினுமினுப்பாக, குமிழி கண்ணுக்குத் தெரியாதபடி வந்தால் சரியான பதம்.

தண்ணீரையும் கவனிக்கவேண்டும். சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த ஈப்போ வட்டாரம் போன்ற இடங்களில் கிணற்று நீர் கடினமாக இருக்கும். சுண்ணாம்பு சோப்போடு சேர்ந்து சாம்பல் நிறக் கசடாகத் திரியும், நுரை எழும்பாது. அப்படிப்பட்ட இடத்தில் சோப்பை வைது பயனில்லை. ஒரு குவளை மழைத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டால் அதே சோப்பு வேறு சோப்பாகிவிடும். நம் நாட்டில் மழைக்கா பஞ்சம்?

சுருள் மயிர் உள்ள தோழர்களுக்குக் கழுத்தில் சிவந்த பொரி கிளம்புவதுண்டு. வெட்டிய மயிர் வளைந்து தோலுக்குள்ளேயே முளைப்பதால் வருவது அது. பலர் இதைச் சோப்பின்மேல் போட்டு, விலையுயர்ந்த டப்பாவுக்கு மாறுகிறார்கள். பொரி போவதில்லை. மயிர் படிந்திருக்கும் திசையிலேயே வெட்டி, தோலை இழுத்துப் பிடிக்காமல், மட்ட வெட்டுக்கு ஆசைப்படாமல் இருந்தால் பெரும்பாலும் தணியும். தணியாவிட்டால் மருத்துவரிடம் காட்டவேண்டும். உண்மையிலேயே சோப்பு ஒவ்வாத தோலும் உண்டு என்பதை மறுக்கவில்லை. சோப்பு காரத் தன்மையுள்ளது. சிலருக்கு இழுக்கும், எரியும். அவர்கள் வேறு வழி தேடிக்கொள்வதே நியாயம். அவர்களுக்காக மற்ற எல்லாரும் டப்பா வாங்க வேண்டியதில்லை.

மலிவுச் சோப்பில் நமக்குள்ள மெய்யான ஆட்சேபம் ஒன்றே ஒன்று. அது கொழுப்பைப் பற்றியது. மேல்நாட்டுச் சவரச் சோப்புகளில் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். நல்ல நுரை தரும் என்பதும் உண்மையே. ஆனால் நம் மக்களில் பலர் அதை முகத்தில் பூச மனம் ஒப்பமாட்டார்கள். நம்மோடு வேலை செய்யும் இஸ்லாமியத் தோழர்களுக்கோ அந்த மாடு முறைப்படி அறுத்ததா என்பது கேள்வி. வாங்குகிறவருக்கு இது தெரியவேண்டும். 2008ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் அழகுப் பொருள்களுக்கு ஆசியான் நாடுகளின் பொது விதிமுறை நடைமுறையில் இருக்கிறது. அதன்படி சேர்மானங்களை உறையில் அச்சிடவேண்டும். அச்சிடுகிறார்கள், ஆங்கிலத்தில். 'டாலோவேட்' என்ற சொல் இருந்தால் அது மிருகக் கொழுப்பு. 'பாமேட்' என்றால் செம்பனை எண்ணெய். 'கோக்கோவேட்' என்றால் தேங்காயெண்ணெய். 'ஸ்டியரேட்' என்று மட்டும் இருந்தால் அது மிருகமா தாவரமா என்று அந்தச் சொல்லை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஹலால் முத்திரையோ, தாவர எண்ணெய் என்ற அறிவிப்போ இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த கிராணி அன்பர்கள் ஞாயிற்றுக்கிழமை கடைப் பக்கம் போகும்போது இரண்டு உறைகளைப் படித்து நாலு பேருக்குச் சொன்னால் அது பெரிய உபகாரம். இந்தியாவில் கோத்ரேஜ் கம்பெனி நூறாண்டுக்கு முன்பே மிருகக் கொழுப்பில்லாத சோப்பு செய்து விற்றது. கொழுப்பில்லாமல் நல்ல சோப்பு வராது என்ற பேச்சு அன்றைக்கே அடிபட்டுப்போனது.

செம்பனை என்று எழுதும்போதே ஒரு எண்ணம் குறுக்கிடுகிறது. நம் பெற்றோர் பால் வெட்டிய எத்தனையோ மலைகளில் இன்று செம்பனை நிற்கிறது. அந்த எண்ணெயின் கெட்டியான பகுதியைப் பிரித்துத்தான் பிறை, பாசீர் கூடாங் போன்ற இடங்களில் உள்ள ஆலைகளில் ஸ்டியரிக் அமிலம் எடுக்கிறார்கள். அதில் ஒரு பங்கு சோப்புக்குப் போகிறது. இன்னொரு பங்கு எங்கே போகிறது தெரியுமா? ரப்பருக்கு! டயருக்காக ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துப் பதப்படுத்தும்போது துத்தநாக ஆக்சைடும் ஸ்டியரிக் அமிலமும் சேர்க்கிறார்கள். பால் மரத்தில் ஒரு கையும் செம்பனைக் குலையில் ஒரு கையும் வைத்திருக்கும் நம்முடைய உழைப்பு கப்பலேறிப் போய், தகர டப்பாவில் வாயுவோடு திரும்பி வந்து, நம் கடையின் மேல் தட்டில் நின்று நம்மையே ஏளனமாகப் பார்க்கிறது. 'உயர்தரம்' என்று அதன் நெற்றியில் எழுதியிருக்கிறது!

காசுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். குச்சிச் சோப்பு 75 கிராம் என்று வையுங்கள். சவரம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் கரையும். ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம் செய்கிறவருக்கு ஐந்து மாதம் வரும். டப்பா எவ்வளவு நாள் வருகிறது என்று நாம் சொல்லமாட்டோம். நம்மை நம்பவும் வேண்டாம். வாங்கிய அன்றைக்கு அதன் அடியில் பென்சிலால் தேதி எழுதுங்கள், தீர்ந்த அன்றைக்கு இன்னொரு தேதி எழுதுங்கள். விலையை நாளால் வகுத்துக் கொள்ளுங்கள். இந்த மிச்சத்தால் யாரும் வீடு வாங்கிவிடப் போவதில்லை என்பது நமக்குத் தெரியும். 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியில் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம், பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளிக்கு வந்தது. நூறு நூறாக ஏறிய அந்தத் தொகை, இரண்டு வெள்ளி மூன்று வெள்ளியாகத்தான் கடையில் இறங்குகிறது.

பிரஷைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பிரஷை இரவல் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. முதல் உலகப் போர்க் காலத்தில், சரியாகச் சுத்தம் செய்யாத குதிரை மயிரில் செய்த மலிவுப் பிரஷ்களால் ஆந்திராக்ஸ் என்ற கொடிய நோய் பரவி, படைவீரர்கள் உட்படப் பலர் இறந்தார்கள். இன்று அந்த அபாயம் நீங்கியிருந்தாலும், ஒருவர் முகத்து இரத்தம் பட்ட பிரஷும் பிளேடும் இன்னொருவருக்கு ஆகா. வெளிநாட்டுத் தோழர்கள் பலர் சேர்ந்து தங்கும் குடியிருப்புகளில் ஒரே பிளேடைப் பலர் எடுப்பதாகக் கேள்விப்படுகிறோம். அவர்களிடம் நம் கிளைத் தோழர்கள் பக்குவமாகப் பேசவேண்டும். பிரஷ் வாங்குவதானால் செயற்கை மயிர்ப் பிரஷே போதும், சீக்கிரம் காயும். சோப்பையும் தண்ணீர் தேங்காத இடத்தில் வையுங்கள். பொட்டாஷ் சோப்பு ஈரத்தை இழுக்கும். தண்ணீரில் கிடந்தால் கூழாகி வீணாகும். பிளேடு விஷயம் பெரியது. அதைப் பிறகு தனியே எழுதவேண்டும்.

கடைசியாக, கடை. சில தோட்டங்களில் கடனுக்குச் சாமான் கொடுக்கும் கடையில் டப்பா மட்டுமே வைத்திருக்கிறார்கள். "கட்டி போகாது, அதனால் வாங்கி வைப்பதில்லை" என்பது கடைக்காரர் பதில். வைக்காத சாமான் எப்படிப் போகும்? கடைக்காரரும் பிழைக்கவேண்டியவர்தான், அவரோடு நமக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தக் கடையில்தான் வாங்கவேண்டும் என்று நிர்வாகம் சொல்லுமானால் அது வேறு விவகாரம். சம்பளத்தை எங்கே, யாரிடம், எப்படிச் செலவழிக்கவேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடுவதை 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் செல்லாது என்று சொல்கிறது. அப்படி வாய்மொழியாகச் சொன்னாலும் கிளைச் செயலாளரிடம் தெரிவியுங்கள்.

கூட்டாக வாங்குவது நமக்குப் புதிதல்ல. மாதாமாதம் சிறுதொகை கட்டிச் சேர்த்து, 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் தோட்டங்களையே வாங்கியவர்கள் நம்மவர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி சோப்பு வாங்குவது பெரிய காரியமா? கிளைக்கு இருபது பேர் சேர்ந்தால் நகரத்து மொத்தக் கடையில் பெட்டியாக எடுக்கலாம். எடுக்கும்போது மாட்டுக் கொழுப்பு இல்லாத வகை ஒன்று கட்டாயம் இருக்கட்டும். வாசனை குறைந்தது ஒன்று, செயற்கை மயிர்ப் பிரஷ் ஒரு டஜன், படிகாரக் கட்டி சில சேர்த்துக்கொள்ளுங்கள். உறையில் எடையைப் பார்த்து எடுங்கள். விலை அப்படியே இருக்க, கட்டி மட்டும் இளைத்துப்போகிற வித்தை எல்லாச் சாமானிலும் நடக்கிறது. பட்டியல் போட வேண்டியவர்கள் சம்பள நாளுக்கு முந்திய கிளைக் கூட்டத்திலேயே போட்டுவிட்டால், பணத்தை அன்றைக்கே சேர்த்துவிடலாம்.